வீட்டிலிருந்து வேலை: கணக்கில் வராத ஒரு செலவு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பெங்களூருவிலும் ஓசூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த தருமபுரி மாவட்டத்து இளைஞர்கள் பலர் மடிக்கணினியோடு ஊர் திரும்பினார்கள். அதுவரை இங்கே படித்து முடித்தவர் பலருக்குத் தெரிந்த வழி பெங்களூரு பஸ் ஏறுவதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் 15 லட்சம் பேரில் நூற்றுக்கு 83 பேர் கிராமங்களில் வாழ்கிறவர்கள். நகரத்துச் சம்பளத்தை ஊரிலேயே இருந்து வாங்கலாம் என்பது இவர்களுக்குப் புதிய செய்தி. தொற்று ஓய்ந்தபின் டி.சி.எஸ். போன்ற பெரிய நிறுவனங்கள் 2023 அக்டோபர் முதல் ஊழியர்களை மறுபடி அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டன. ஆனாலும் வாடிக்கையாளர் சேவை, கணக்கு எழுதுவது, மென்பொருள் சோதனை, தரவு உள்ளீடு என்று வீட்டிலிருந்து செய்கிற வேலைகள் நிலைத்துவிட்டன. இந்த ஏற்பாடு லாபமா நஷ்டமா என்று பேசும்போது வாடகையையும் பயணச் செலவையும் பார்க்கிறோம். சம்பளத்தோடு சேர்த்து அலுவலகம் இலவசமாகக் கொடுத்துவந்த மனிதத் துணையை மட்டும் விட்டுவிடுகிறோம். அந்தத் துணைக்கு மாற்று வழி செய்யாவிட்டால், ஊருக்குக் கிடைத்த இந்த நல்வாய்ப்பு பாதியிலேயே கைநழுவிப் போகும்.

லாபம் உண்மையானது, சிறியதும் அல்ல. பெங்களூருவில் அறை எடுத்துத் தங்குகிறவரின் சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகையும் முன்பணமும் சாப்பாடும் தின்றுவிடும். ஊரில் இருந்தால் அந்தப் பணம் மிச்சம். வயதான பெற்றோருக்கு மருந்து வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறது. பிள்ளைகள் அப்பாவைத் தினமும் பார்க்கிறார்கள். நிறுவனத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சக ஆய்வாளர்களும் சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் 2010 டிசம்பர் முதல் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய முன்வந்த சுமார் 250 அழைப்பு மைய ஊழியர்களில், பிறந்த தேதி இரட்டைப்படை எண்ணாக இருந்தவர்களை வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் அலுவலகத்தில் தொடர்ந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. இடைவேளையும் உடல்நிலை சரியில்லாத விடுப்பும் குறைந்தது அதற்கு முக்கியக் காரணம். ஆண்டுக்கு ஓர் ஊழியருக்குச் சுமார் 2,000 டாலர் நிறுவனத்துக்கு மிச்சமானது.

அந்த ஆய்வின் மறுபாதியை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சோதனை முடிந்து, விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நிறுவனம் சொன்னபோது, வீட்டில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று தனிமை. இத்தனைக்கும் வீட்டு வேலையைத் தாங்களே விரும்பிக் கேட்டவர்கள் அவர்கள். வாரத்தில் ஒருநாள் அலுவலகத்துக்கும் போய்வந்தவர்கள். இன்னொரு இழப்பும் இருந்தது: ஒரே அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் நிற்பதில்லை. கேலப் நிறுவனம் 2024இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கையும் இதே திசையைக் காட்டுகிறது. முழுக்க வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களில் 25 சதவீதம் பேர் தனிமையை உணர்வதாகச் சொல்ல, முழுக்க அலுவலகத்தில் இருப்பவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 16 சதவீதம். இது வெறும் மனக்குறை என்று தள்ளிவிடக்கூடியதும் அல்ல. தனிமையால் ஆண்டுக்கு 8,71,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் மதிப்பிட்டது. இதய நோய், பக்கவாதம், சர்க்கரை நோய், மனச்சோர்வு எல்லாவற்றோடும் அது தனிமையைத் தொடர்புபடுத்துகிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். பெங்களூரு விடுதி அறையில் இருப்பவனுக்குத் தனிமை என்றால் நம்பலாம். அம்மா அப்பா, பங்காளி, பக்கத்து வீடு என்று சுற்றிலும் ஆள் இருக்கிற பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் தனிமை எங்கிருந்து வரும்? நியாயமான கேள்விதான். ஆனால் துணை என்பது தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்கிறவரின் நாளை எண்ணிப் பாருங்கள். பிற்பகலில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறார். ஊரார் வேலை முடிந்து டீக்கடைக்கு வருகிற சாயங்காலம் அவருக்கு வேலை உச்சத்தில் இருக்கிற நேரம். நள்ளிரவில் அவர் எழுந்து வரும்போது வீடே தூங்கிவிட்டிருக்கும். மேலாளர் கடிந்துகொண்டதையோ முடிக்க முடியாமல் இழுக்கிற வேலையையோ சொன்னால் புரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறவனுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்று உறவினர்களுக்கே சந்தேகம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் ‘எந்த ஆபீஸ்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாற வேண்டியிருக்கிறது. கூட வேலை செய்கிறவர் கொடுக்கும் துணையை உறவினரால் கொடுக்க முடியாது. உறவினர் கொடுக்கும் துணையை அவராலும் கொடுக்க முடியாது. மனிதருக்கு இரண்டும் வேண்டும்.

பெண்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அலுவலகம் போகிற பெண்ணுக்கு அந்த எட்டு மணி நேரமாவது அடுப்படியிலிருந்து விலக்கு உண்டு. வீட்டிலேயே வேலை என்றால் குக்கர் விசிலும் மாமனாரின் காபியும் வாடிக்கையாளரின் அழைப்பும் ஒரே நேரத்தில் வரும். மதியம் சக பெண்களோடு டிபன் பாக்ஸைத் திறந்து உட்காருகிற அரை மணி நேரம், பலருக்கு நாளிலேயே தனக்கென்று இருந்த ஒரே நேரம், அதுவும் போய்விடுகிறது. படித்த பெண் வேலைக்கு வெளியூர் போகத் தேவையில்லை என்பது குடும்பங்களுக்கு நிம்மதியாக இருக்கலாம். அவள் வெளி உலகத்தைப் பார்க்கவே தேவையில்லை என்று அது முடிந்துவிடக் கூடாது.

அதனால் எல்லோரும் பழையபடி பெங்களூருவுக்கே போய்விட வேண்டுமா என்றால், வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்வது தருமபுரிக்குப் புதிதல்ல. புளிக்குப் பேர்போன பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பருவத்தில் பாருங்கள்: காய்ந்த புளியைக் குவித்துப் போட்டு, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலையைப் பெண்கள் வீட்டு வாசலில்தான் செய்கிறார்கள். கூலி குறைவு, இடுப்பு வலிக்கிற வேலை. அதைப் பொற்காலம் என்று கொண்டாட எதுவும் இல்லை. ஆனால் அந்த வேலையை யாரும் ஒற்றை ஆளாக உள்ளறையில் உட்கார்ந்து செய்வதில்லை. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்கிறார்கள். ஆகவே வீட்டில் வேலை செய்வதே மனிதரைத் தனிமைப்படுத்துவதில்லை; தனியாக வேலை செய்வதுதான் தனிமைப்படுத்துகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் தீர்வுக்கும் வழி தெரியும்.

வீட்டுக்குள் ஒதுங்கிக் கிடந்தவர்களை வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூட்டினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியதே இந்த மாவட்டம்தான். வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு 1989இல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாக அன்றைய தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டன. பிறகு அவை சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் பரவின. 1990களின் பிற்பகுதியில் மாநிலம் முழுவதற்குமான மகளிர் திட்டமாக வளர்ந்தன. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், சிறு சேமிப்பு, முறையான கூட்டம், கையெழுத்துப் போட ஒரு நோட்டு: அவ்வளவுதான் அமைப்பு. சேமித்த தொகையைவிடப் பெரிய பலன், ஒருத்தியின் கஷ்டம் இன்னொருத்திக்குத் தெரியவந்ததும், சேர்ந்து வங்கிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் போகிற துணிவு பிறந்ததும்தான். துணையைத் திட்டமிட்டு உருவாக்க முடியும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இன்று செய்ய வேண்டியதும் அதுவே. வட்டத் தலைநகர்தோறும், அரூரிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் நல்லம்பள்ளியிலும், தடையில்லாத மின்சாரமும் வேகமான இணையமும் கொண்ட பொதுப் பணிக்கூடம் ஒன்று வேண்டும். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் இதற்கு முன்மாதிரி; குறைந்த கட்டணத்தில் மேசையும் இணையமும் கொடுத்து, படிப்பவர்களையும் வேலை செய்பவர்களையும் அது ஒரே கட்டடத்தில் சேர்க்கிறது. தனியார் துறையிலும் உதாரணம் உண்டு: சோஹோ நிறுவனம் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்து, ஊழியர்களைத் தனித்தனி வீடுகளில் விடாமல் கிராமத்திலேயே கூட்டி வேலை வாங்குகிறது. வீடியோ அழைப்பு இருக்கும்போது எதற்குக் கட்டடம் என்பவர்களுக்கு, மைக்ரோசாஃப்ட் தன் 61,000 அமெரிக்க ஊழியர்களின் தகவல் தொடர்புகளை ஆராய்ந்து கண்டது பதிலாகும். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பேச்சு அவரவர் குழுவுக்குள்ளேயே சுருங்கியது. பிற குழுக்களோடு இருந்த தொடர்பு மெலிந்தது. திரையில் வேலையைப் பேசலாம். தற்செயலாகப் பேச முடியாது. அந்தத் தற்செயல் பேச்சில்தான் நட்பு முளைக்கிறது.

சம்பளம் வாங்குகிறவர்களுக்காக அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பார்கள். முழுச் செலவையும் அரசு ஏற்க வேண்டியதில்லை. ஊழியரை வீட்டில் உட்காரவைத்து நிறுவனம் மிச்சம் பிடிக்கும் வாடகையில் ஒரு பங்கை இந்த மேசைகளுக்குக் கட்டச் சொல்வதில் தவறில்லை. அதே கூடத்தைத் தேர்வுக்குப் படிப்பவரும், வேலைக்கு இவ்வளவு என்று தொகை வாங்கும் மொழிபெயர்ப்பாளரும், இணையத்தில் மாம்பழம் விற்க முயலும் விவசாயி மகளும் பயன்படுத்தலாம். கூட்டமே பிடிக்காதவர், தனியாக இருந்தால்தான் வேலை ஓடும் என்பவர் வீட்டிலேயே இருக்கட்டும். யாரையும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. சிட்ரிப் நிறுவனமே டிரிப்.காம் ஆன பிறகு 2021-22இல் 1,612 பேரிடம், வாரத்தில் இரண்டு நாள் வீடு, மற்ற நாள் அலுவலகம் என்று சோதித்தது. செயல்திறனும் பதவி உயர்வும் குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வீடும் வேண்டும், சக மனிதரும் வேண்டும் என்பதை அந்த எண்கள் தெளிவாகச் சொல்கின்றன.

கூடம் கட்டப்படும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரே ஊரில் வெவ்வேறு நிறுவனங்களுக்கு வேலை செய்கிற நான்கு பேர், வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வீட்டு மாடியில் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், தொடக்கம் அதுவே. வீட்டில் இருப்பவர்களும், சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பது முழுநேர வேலை என்று ஒப்புக்கொண்டு, அந்த வேலை முடிந்ததும் வேலை செய்கிறவரை வெளியே போய்வர விட வேண்டும். மருமகளாக இருந்தாலும் அப்படித்தான்.