கடல் விலகிய குன்று

பிடோக்கில் இன்று கிழக்குக் கரைப் பூங்கா உள்ள இடத்தில் முன்பு அலையடித்தது. 1966இல் தொடங்கிய நிலமீட்புப் பணியால் கரை தள்ளிப்போயிற்று.

மலாக்காவிலும் அப்படித்தான். அங்குள்ள புனித பவுல் குன்றின்மேல், கடலைப் பார்த்தவாறு, 1521இல் போர்த்துக்கீசியர் ஓர் ஆலயம் எழுப்பினர். முத்துக்குளித்துறைத் தமிழரிடையே பணியாற்றிய சவேரியாரின் உடல், கோவா செல்லுமுன், 1553இல் சில மாதங்கள் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. 1641இல் டச்சுக்காரர் நகரைப் பிடித்தனர். 1753இல் குன்றின் கீழே புதிய ஆலயத்தைக் கட்டி முடித்ததும் இதைக் கைவிட்டனர்.

பிள்ளைகளோடு நாங்கள் ஏறிச் சென்றபோது, கூரையற்ற சுவர்களையும் பழைய கல்லறைக் கற்களையும் கண்டோம். கடலோ தொலைவில் தெரிந்தது.

பழைய கரைக்கு அங்கே குன்று சாட்சி. பிடோக்கிலோ முதியவர்களின் நினைவே சாட்சி. அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம், அதுவும் வரலாறே.