அணிக் கணக்கீட்டில் பிழையின் ஒழுங்கு

எண்களை நிரையாகவும் நிரலாகவும் அடுக்கிய அமைப்பு அணி எனப்படும். நேரியல் சமன்பாட்டுத் தொகுதியை அணியாக எழுதித் தீர்க்கும் முறைகள் இருவகைப்படும்: எண்ணி முடிக்கத்தக்க படிகளில் விடை தருவது நேர்முறை, தொடக்க மதிப்பொன்றைத் திருத்தித் திருத்தி விடையை நெருங்குவது மீள்முறை. நேர்முறைகளுள் தலையாயது, ஒரு சமன்பாட்டைக் கொண்டு ஏனையவற்றிலிருந்து ஒரு மாறியை நீக்கி, எஞ்சியவற்றிலும் அவ்வாறே செய்து செல்லும் கவுசு நீக்கல் முறை.

தாளில் இம்முறை குறையற்றது. கணிப்பொறியிலோ ஒவ்வோர் எண்ணுக்கும் இத்தனை இலக்கம் என்னும் வரம்புண்டு; அவ்வரம்புக்குள் எண்ணை அடக்கும்போது எழுவது முழுதாக்கல் பிழை. அதன் வலிமையை அறியச் சிறு கணக்கொன்று போதும். 0.0001 அ + இ = 1; அ + இ = 2. உண்மையில் இரு மாறிகளும் 1-ஐ ஒட்டிய மதிப்புடையவை. மூன்று இலக்கம் மட்டும் பேணி, முதற் சமன்பாட்டை 10,000 ஆல் பெருக்கி நீக்கினால் இ = 1, அ = 0 என வரும்; அதாவது ஒரு விடை முற்றும் கெட்டது. இரண்டாம் சமன்பாட்டை மேலேற்றி நீக்கினாலோ இரண்டும் 1 என வரும். நீக்கலைத் தாங்கும் எண்ணை ஊன்றுறுப்பு என்போம். அது மிகச் சிறிதாயின் பெருக்கெண் பெரிதாகி, ஏனைய எண்களின் கீழிலக்கங்களை விழுங்கிவிடும். ஆகவே நிரலில் பேரளவுடைய உறுப்பைத் தேர்ந்து ஊன்றுதல் வேண்டும்.

பெரிய அணிகளுக்கு இக்காப்பு போதுமா என்னும் ஐயம் 1940களில் வலுத்திருந்தது. சமன்பாடு ஒன்று கூடுந்தோறும் பிழை நான்மடங்காகலாம் எனப் புள்ளியியலாளர் ஒட்டெலிங் 1943இல் கணக்கிட்டார். 1946 அளவில், இங்கிலாந்தின் தெடிங்டனிலுள்ள நாட்டு இயற்பியல் ஆய்வகத்தில், கணித அறிஞர்களான வில்கின்சன், ஆலன் தூரிங் முதலியோர் 18 சமன்பாடுகளை மேசைக் கணக்குப்பொறி கொண்டு தீர்த்தனர். தோல்வியே வரும் எனத் தூரிங் எண்ணியிருந்தார். விடையைக் கொடுத்த சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தபோது எஞ்சிய வேறுபாடோ வியக்கத்தக்க அளவு சிறிது.

இதற்கு வில்கின்சன் பின்னாளில் விரித்துரைத்த விளக்கமே, என் கருத்தில், இத்துறையின் மணிமுடி. விடை எவ்வளவு பிழைத்தது என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, கிடைத்த விடை எந்த வினாவுக்குச் சரியானது என அவர் ஆராய்ந்தார். தக்க ஊன்றுறுப்போடு நீக்கிப் பெற்ற விடை, கொடுத்த அணியினின்று மிக நுண்ணிதாகவே வேறுபட்ட அண்டை அணிக்குப் பெரும்பாலும் முற்றுஞ் சரியான விடையாகிறது. அவ்விடை, கொடுத்த அணியின் உண்மை விடையினின்று எவ்வளவு விலகும் என்பது அணியின் இயல்பைப் பொறுத்தது. அவ்விலகலுக்கு மேல்வரம்பு கட்டுவது, தூரிங் 1948இல் வகுத்த நலிவெண்.

நிரையெண்ணையும் நிரலெண்ணையும் கூட்டி, ஒன்று கழித்து, அதனால் 1-ஐ வகுத்து வரும் எண்களாலானது இல்பெர்ட்டு அணி; நலிவெண் மிகப் பெரிதாகும் அணிக்கு இஃது எடுத்துக்காட்டு. பத்து நிரை கொண்ட அவ்வணியின் நலிவெண் ஏறத்தாழ 16 நூறாயிரம் கோடி. நலிவெண் பதின்மடங்காகுந்தோறும் ஓர் இலக்கம் இழக்கப்படலாமாதலின், பதினாறு இலக்கம் பேணும் கணிப்பொறியும் அங்கே பதின்மூன்று வரை இழக்கக்கூடும். நம்பத்தக்கனவாக எஞ்சுபவை மூன்றே.