ஒரே பெயர், நான்கு உத்தரவுகள்: புனே 'பர்கர் கிங்' வழக்கும் நீதிமன்றத்தின் விருப்புரிமையும்

புனே: உரிமையியல் வழக்கு முடிவதற்கு முன்பே ஒரு தரப்பின் தொழிலை மாற்றிவிடக்கூடியது இடைக்காலத் தடை. அதை வழங்குவதா, மறுப்பதா என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. புனேயைச் சேர்ந்த 'பர்கர் கிங்' உணவகத்தின் பெயரை மையமாகக் கொண்ட வழக்கு, அந்த அதிகாரம் செயல்படும் விதத்தை விளக்குகிறது.

வழக்கு என்ன?

அமெரிக்காவின் பர்கர் கிங் நிறுவனம், தனது வணிக முத்திரையைப் பயன்படுத்துவதாகப் புனே உணவகத்துக்கு எதிராக 2011-இல் வழக்குத் தொடர்ந்தது. நிரந்தரத் தடையும் ரூ.20 லட்சம் இழப்பீடும் கோரியது. 2012 ஜனவரியில் புனே நீதிமன்றம் அந்தப் பெயரைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தது.

12 ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலை 16-ஆம் தேதி அதே நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. உணவகம் 1992 முதல் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதையும், அமெரிக்க நிறுவனம் 2014-இல்தான் இந்தியாவில் உணவகம் திறந்ததையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

மேல்முறையீட்டில் மும்பை உயர் நீதிமன்றம், 2024 டிசம்பர் 2-ஆம் தேதி மீண்டும் தடை விதித்தது. வழக்கு நிலுவையில் இருந்த காலம் முழுவதும் தடை நடைமுறையில் இருந்ததையும், சாட்சியங்களை விரிவாக ஆராய வேண்டியிருப்பதையும் அது கருத்தில் கொண்டது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 7-ஆம் தேதி நிறுத்திவைத்தது. மேல்முறையீட்டு விசாரணைக்கு இது தடையல்ல என்றும் தெளிவுபடுத்தியது.

வரம்பு எது?

விருப்புரிமை என்பது நீதிபதியின் தனிப்பட்ட விருப்பம் அன்று. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது கட்டளையின்கீழ் இடைக்காலத் தடை கோரப்படும்போது, நீதிமன்றங்கள் மூன்று கேள்விகளை எழுப்புகின்றன. வழக்கில் முகாந்திரம் உள்ளதா? தடை விதிப்பதால், மறுப்பதால் எந்தத் தரப்புக்குப் பாதிப்பு அதிகம்? மறுத்தால் பின்னர் பணத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு நேருமா?

கேள்விகள் பொதுவானவை, பதில்கள் வழக்கின் கட்டத்தைப் பொறுத்து மாறலாம். தொடக்கத்தில் மனுக்களும் ஆவணங்களும் மட்டுமே முன் நிற்கும். இறுதியில் சாட்சியங்கள் எடைபோடப்படும். எனவே, இடைக்காலத் தடை பெற்றவர் வழக்கில் தோற்பது முரண்பாடு ஆகாது.

கீழமை நீதிமன்றம் முறையாகப் பயன்படுத்திய விருப்புரிமையில், தனக்கு வேறு கருத்து உண்டு என்பதற்காக மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிடக்கூடாது என்று வாண்டர் நிறுவன வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. முடிவு தன்னிச்சையானதாகவோ, நிலைபெற்ற கோட்பாடுகளைப் புறக்கணித்ததாகவோ இருந்தால் தலையிடலாம்.

இந்த வரம்புகள் காலதாமதத்தின் சுமையை நீக்குவதில்லை. இறுதியில் வெற்றி பெற்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் பெயர்ப் பலகையை இழந்திருந்த வணிகருக்கு அந்த ஆண்டுகள் திரும்புவதில்லை. தடை மறுக்கப்பட்டுப் பின்னர் வெற்றிபெறும் முத்திரை உரிமையாளரின் நிலையும் அதுவே. இடைக்கால உத்தரவில் காட்டப்படும் நிதானத்துக்கு இணையாக, இறுதி விசாரணையில் விரைவும் தேவை என்பதையே இவ்வழக்கு உணர்த்துகிறது.