ஹெரால்டுக்கு எந்த என்ஜின்?

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலின் முன்மண்டபத்தை, குதிரை பூட்டிய தேராகவே கல்லில் செய்து வைத்தார்கள் இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சிற்பிகள். எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தேர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கு அதுவே அழகு. கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நின்றால் துருப்பிடிக்கும். ஓட வேண்டுமென்றால் என்ஜின் வேண்டும்.

ஹெரால்டு நம் மதராஸ் கார். அம்பாசடர் கல்கத்தா பக்கத்திலிருந்தும் ஃபியட் பம்பாயிலிருந்தும் வந்துகொண்டிருந்த காலத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் வண்டலூரில் இதைத் தயாரித்தது. மூலம், பிரிட்டனின் ட்ரயம்ஃப் நிறுவனம் 1959-ல் வெளியிட்ட கார். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. எழுபதுகளில் ஹெரால்டின் என்ஜினோடே இந்நிறுவனத்தின் கேசல் கார் வந்தது. எண்பதுகளின் கடைசியில் நிறுவனத்தின் கார் தயாரிப்பே நின்றுபோனது. இன்றைய தலைவலி அங்கேதான் ஆரம்பம்: உதிரிபாகம் இல்லை.

மேடு என்றால் பாலம்தான்

ஹெரால்டின் என்ஜின் 948 சி.சி., நான்கு சிலிண்டர், சுமார் 35 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அற்பம். ஆனால் காவிரி டெல்டாவில் மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களை விட்டால் வேறென்ன இருக்கிறது? அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிச் சாலையில் எந்த கார் பறந்துவிடும்? ஆகவே இங்கே என்ஜின் மாற்றுகிறவர் வேகத்துக்காக மாற்றுவதில்லை. பிஸ்டனும் பேரிங்கும் கிடைக்காமல் மாற்றுகிறார். இந்த வித்தியாசத்தை மறந்தால் செலவு தடம் மாறிவிடும்.

புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது என்பதற்காக என்ஜினைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தேய்ந்த சிலிண்டருக்கு போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கும் இடமில்லையென்றால் லைனர் இறக்கலாம். கிராங்கைச் சாணை பிடித்து அதற்கேற்ற பேரிங் போடலாம். பிளாக்கே வெடித்திருந்தால்தான் மாற்று என்ஜின் பேச்சு எழும்.

கழற்றும் வேலையில் ஹெரால்டு மெக்கானிக்கின் செல்லப்பிள்ளை. மட்காடும் பானெட்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். செயின் பிளாக் மாட்டி என்ஜினை இறக்குவது பெரிய பாடில்லை. வேறொன்றை ஏற்றுவதுதான் பாடு.

உதாரணத்துக்கு, எளிதில் கிடைக்கும் மாருதி ஆம்னி என்ஜின். 796 சி.சி., மூன்று சிலிண்டர். மாருதி 800-ல் என்ஜின் குறுக்கே கிடந்து முன்சக்கரத்தை ஓட்டும். ஆம்னியில் நீளவாட்டில் கிடந்து பின்சக்கரத்தை ஓட்டும். ஹெரால்டும் பின்சக்கர வண்டி என்பதால் இது பொருந்திவிடும்போலத் தோன்றும். குதிரைத்திறனும் ஏறக்குறைய சமம். ஆனால் இழுவிசையில் பழைய 948-தான் கெட்டி. ஹெரால்டோ மாருதியைவிடக் கனமான வண்டி. சமதரையில் தெரியாது, நாலு பேரை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது கியரை இறக்கச் சொல்லும்.

அடுத்தது இணைப்பு. புது என்ஜினைப் பழைய கியர்பாக்ஸோடு சேர்க்க, இரண்டுக்கும் நடுவே ஒரு தகட்டை லேத்தில் கடைந்தாக வேண்டும். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் மயிரிழை விலகினாலும் கிளட்ச் அதிரும், பேரிங் அலறும். என்ஜினோடு அதன் கியர்பாக்ஸையும் சேர்த்தே ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், கியர் லீவர் வரும் இடம், மவுன்டிங், ஸ்பீடாமீட்டர் கேபிள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். கனமான டீசல் என்ஜின் என்றால் முன் ஸ்பிரிங் இறங்கும். பழைய டிரம் பிரேக்கும் திணறும். சித்திரை வெயிலில் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டிக்கு ரேடியேட்டர் போதுமா என்பதையும் முதலிலேயே பார்க்க வேண்டும்.

ஆர்.சி. புக் என்ன சொல்கிறது?

பட்டறையில் பொருந்தினாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பொருந்த வேண்டும். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவில் ஏற்ற வேண்டும். தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வேறு இன என்ஜினை ஏற்றிவிட்டுப் பேசாமல் ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில் இன்ஷூரன்ஸ் கேள்வி கேட்கும்.

2021 ஜூலையில் வந்த விதியையும் கவனிக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களை ‘வின்டேஜ்’ வகையில் பதியலாம். அறுபதுகளின் ஹெரால்டுகள் வயதில் தேறிவிடும். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது.

சட்டமும் பட்டறையும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. முதலில் சொந்த என்ஜினைச் சீர்செய்யுங்கள். முடியாதபோது இன்னொரு ஹெரால்டு அல்லது கேசலின் 948-ஐத் தேடிப் பிடித்து, எண்ணைப் பதிவில் ஏற்றுங்கள். வேறு இன என்ஜின் கடைசி வழி. அதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்ட பிறகே பட்டறைக்கு முன்பணம் கொடுங்கள்.