சிறு வாயிலும் பெரு வில்லையும்: கண்புரைச் சத்திரசிகிச்சைக் கருவிகள் பற்றிய ஒரு நோக்கு

உடலினுள்ளே செயற்கை உறுப்பொன்றைப் பொருத்த முனையும் கருவியமைப்பாளர் யாவரும் ஒரு முரண்பாட்டை எதிர்கொள்கின்றனர். உட்செலுத்த வேண்டிய பொருள் பெரிது. அதற்கென வெட்டப்படும் வாயிலோ இயன்றவரை சிறிதாதல் வேண்டும். வாயில் சிறுத்தால் புண் விரைவில் ஆறும், தொற்று அபாயம் குறையும். இம்முரண்பாடு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதைக் கண்புரைச் சத்திரசிகிச்சையின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். எனவே அதனையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

இரண்டாம் உலகப் போரிலே விமானிகளின் கண்களுட் புகுந்த பேர்ஸ்பெக்ஸ் துண்டுகள் அழற்சியை உண்டாக்காது கிடந்தமையை ஹரல்ட் றிட்லி அவதானித்தார். 1949 நவம்பர் 29ஆந் திகதி இலண்டன் சென்ற் தோமஸ் மருத்துவமனையில், அப்பொருளின் இனத்தாலான வில்லையொன்றை அவர் மனிதக் கண்ணுட் பொருத்தினார். தடித்த மூக்குக்கண்ணாடியின்றியே பார்வை பெறும் வழி இவ்வாறு திறந்தது. ஆயினும் புரையுற்ற வில்லையை முழுமையாக வெளியேற்றவும் புதியதைப் புகுத்தவும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் நீள வெட்டும், அதனை மூடத் தையல்களும் தேவைப்பட்டன. தையலின் இழுவையால் விழிவெண்படலத்தின் வளைவு மாறிப் பார்வை பிறழ்வதும் உண்டு.

1967இல் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சாள்ஸ் கெல்மன், மீயொலியால் அதிரும் ஊசி கொண்டு புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கண்டார். இதற்கு 3 மில்லிமீற்றர் அளவான வெட்டே போதுமானது. ஆனால் இங்குதான் புதிய முரண்பாடு தோன்றியது. பழைய வில்லை சிறு துளையால் வெளியேறிற்று. புதிய வில்லையின் விட்டமோ ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். வன்மையான அவ்வில்லைக்காக வெட்டை மீண்டும் அகலமாக்க நேர்ந்தது. ஒரு கருவி ஈட்டிய பயனை மற்றொரு பொருள் இழக்கச் செய்தது எனலாம்.

1980களில் சிலிக்கோனாலும், பின்னர் அக்கிரிலிக்காலும் ஆன மடிக்கத்தக்க வில்லைகள் வந்தன. முதலில் அவற்றை இடுக்கியால் மடித்துப் பிடித்தே புகுத்தினர். ஆனால் இடுக்கியின் அலகுகளும் வெட்டினுள் இடங்கொள்வன. வில்லை கண்ணின் மேற்பரப்பைத் தொட்டு நுண்ணுயிர்களை உள்ளே கொண்டுசெல்லவுங்கூடும். இக்குறைகளைக் களையவே குழாயும் உந்துதண்டுங் கொண்ட செலுத்தி உருவாக்கப்பட்டது.

இக்கருவியின் அமைப்பிலே எளிய கேத்திரகணிதம் ஒன்று அடங்கியுள்ளது. 3 மில்லிமீற்றர் நீள வெட்டின் இரு விளிம்புகளையும் சேர்த்தால் சுற்றளவு 6 மில்லிமீற்றர். இழையம் நீளாதிருப்பின், அதனூடே செல்லத்தக்க குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 1.9 மில்லிமீற்றர் மட்டுமே. இதிலும் குழாய்ச் சுவரின் தடிப்பைக் கழித்தல் வேண்டும். சுவர் தடித்தால் வில்லைக்கு இடமில்லை. மெலிந்தால் நுனி பிளந்துவிடும். மடிப்பதனால் வில்லையின் கனவளவு குறைவதில்லை. அது ஒடுங்கி நீள்கின்றது. அவ்வேளையில் உராய்வு பெருகுவதால் குழாயின் உட்சுவருக்கு வழுக்குப் பூச்சு இடப்படுகின்றது. சோடியம் ஹயலுரோனேற் போன்ற பாகுத்திரவமும் நிரப்பப்படுகின்றது. அத்திரவம் கண்ணறையை விரித்து, மீண்டும் பெருகாத விழிவெண்படல உட்கலங்களையும் காக்கின்றது.

உந்துதண்டின் நுனியும் கவனத்திற்குரியது. அது வில்லையின் மேலேறினால் வில்லை கீறப்படும். தாங்கு கால்கள் சிக்கினால் முறியும். திருகு முறைச் செலுத்தி விசையைச் சீராகக் கட்டுப்படுத்தும். ஆயின் இரு கைகளும் வேண்டும். ஊசிக்குழல் முறை ஒரு கையை விடுவிக்கும்; ஆயின் தடை திடீரென நீங்கும்போது வில்லை பாய்ந்து வெளியேறக்கூடும். சிலிக்கோன் சடுதியாக விரியும். அக்கிரிலிக் மெதுவாக விரியும். ஆகவே வில்லை, குழாய், வெட்டு ஆகிய மூன்றையும் ஒன்றாகவே வடிவமைத்தல் வேண்டும். இன்று ஏறத்தாழ 2.2 மில்லிமீற்றர் வெட்டும் வழக்கிலுள்ளது.

ஆயினும் விலைமிக்க இயந்திரமும் ஒருமுறை பாவித்து எறியப்படும் குழாய்களும் எல்லா மக்களுக்கும் எட்டுவனவா என்ற வினா எஞ்சியுள்ளது. உலகிற் பார்வையிழப்பின் முதன்மைக் காரணங்களுள் கண்புரை அடங்கும். அதனாற் பார்வையிழந்தோருட் பெரும்பாலார் வறிய நாடுகளிலேயே வாழ்கின்றனர். இவ்விடத்தில் மற்றொரு தீர்வு நம் கவனத்தை ஈர்க்கின்றது. கண்ணின் வெண்ணிறப் புறச்சுவராகிய வன்கோதிலே, வெளிவாய் ஏறத்தாழ 6 மில்லிமீற்றராகவும் உள்வாய் அதனிலும் அகன்றதாகவும் சாய்வான சுரங்கமொன்று அமைக்கப்படுகின்றது. கண்ணின் உள்ளமுக்கமே உள்மடலை அழுத்தி மூடுவதால் பெரும்பாலும் தையல் வேண்டுவதில்லை. வன்மையான வில்லையே போதும். மீயொலி இயந்திரமும் வேண்டியதில்லை. கருவி ஆற்றவேண்டிய பணியின் ஒரு பகுதியை வெட்டின் வடிவமே ஆற்றிவிடுகின்றது.

நேபாளத்திலே தேர்ந்த சத்திரசிகிச்சையாளர் 108 நோயாளரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஒப்பாய்வு குறிப்பிடத்தக்கது. ஆறு மாதங்களின் பின், இரு முறைகளிலும் 98 வீதமானோர் கண்ணாடித் திருத்தத்துடன் 20/60 அல்லது அதனிற் சிறந்த பார்வை பெற்றனர். சுரங்க முறையோ விரைவானதாகவும் மலிவானதாகவும் இருந்தது. மதுரையில் 1992இல் தொடங்கப்பட்ட ஒறோலாப் நிறுவனம் வில்லைகளை இறக்குமதி விலையிலும் மிகக் குறைந்த விலைக்கு உற்பத்தி செய்தமை, இம்முறை ஏழை மக்களை அடையப் பெரிதும் துணைபுரிந்தது.

மிகச் சிறிய வெட்டின் மேன்மையை நாம் மறுக்கவில்லை. வளைவுப் பிறழ்வு குறைதல் மெய்யான பயனே. ஆயினும் கருவியின் தரத்தை மில்லிமீற்றரால் மாத்திரம் அளத்தல் பொருந்தாது. எத்தனை கைகள் அதனைக் கையாளக்கூடும், எத்தனை கண்கள் அதனால் ஒளிபெறும் என்பனவும் வடிவமைப்பின் அளவுகோல்களேயாம். இவற்றைத் தொடக்கத்திலேயே கணக்கிற் கொள்ளும் கருவியமைப்பே முழுமையான விஞ்ஞானமாகும்.