ரிவால்வரா, பிஸ்டலா? டெல்லியில் லைசென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

மத்தியக் காவல் படை ஒன்றில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிப்பாய்களின் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து, எண்ணெய் போட்டு, எண்ணிக்கை சரிபார்த்து, ஆயுதக் கிடங்கான ‘கோத்’தில் பூட்டி வைப்பது ஆர்மரரின் வேலை. ஓய்வுக்குப் பிறகும் டெல்லியிலேயே தங்கிவிட்டேன். கரோல் பாக், மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கத்துத் தமிழர்கள் என் பழைய வேலையைத் தெரிந்துகொண்டால் உடனே கேட்பது ஒன்றுதான்: “அண்ணாச்சி, லைசென்ஸ் கிடைச்சிரும் போல இருக்கு. ரிவால்வர் வாங்கவா, பிஸ்டல் வாங்கவா?”

கேட்பவர்கள் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. நகைக்கடைக்காரர், கடை வசூலை இரவில் வீட்டுக்கு எடுத்துப் போகிறவர், பணம் கேட்டு மிரட்டல் போன் வந்த ஒப்பந்தக்காரர் என்று அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

ரிவால்வரின் நடுவில் சுழலும் சிலிண்டர் இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஆறு அறைகள், அறைக்கு ஒரு தோட்டா. ட்ரிகரை இழுக்கும் விரலின் பலத்திலேயே சிலிண்டர் திரும்புகிறது, ஹேமர் பின்னால் போய்த் தோட்டாவின் அடியில் அடிக்கிறது. வெடித்து முடித்த காலிக்கூடு அறையிலேயே தங்கிவிடும்.

பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கின்றன. மேலே உள்ள ஸ்லைடை முதல் முறை கையால் இழுத்துவிட வேண்டும். அதன்பின் வெடிக்கும் விசையிலேயே ஸ்லைடு பின்னால் ஓடிக் காலிக்கூட்டை வெளியே எறியும். முன்னால் திரும்பும்போது அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனை அறையான சேம்பருக்குள் தள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிகரைத் தனியாக இழுத்தாக வேண்டும். ட்ரிகரைப் பிடித்திருக்கும்வரை விடாமல் சுடும் ஆயுதங்கள் இந்தியாவில் பொதுமக்களுக்குக் கிடையாது.

இவற்றில் எதற்குப் ‘பவர்’ அதிகம் என்று கேட்பவர்களுக்கு நான் சரித்திரத்தைச் சொல்வேன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் பிஸ்டலால். 1948 ஜனவரி 30 அன்று இதே டெல்லியில், பிர்லா மாளிகையில், காந்திஜியின் உடலில் பாய்ந்த மூன்று குண்டுகளும் இத்தாலிய பெரெட்டா பிஸ்டலிலிருந்து வந்தவை. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியை முதலில் சுட்ட பியாந்த் சிங் கையில் இருந்தது .38 ரிவால்வர். அதுவும் அவரைக் காப்பதற்காக அரசாங்கம் கொடுத்த ரிவால்வர். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டுமே உயிரை எடுக்கும். வேறுபாட்டை வேறு இடத்தில் தேட வேண்டும்.

கடையில் கிடைப்பது என்ன?

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு 9 எம்.எம். கேட்டு காஷ்மீரி கேட் துப்பாக்கிக் கடைகளுக்குப் போகாதீர்கள். 9 எம்.எம்., .38, .455 ஆகியவை தடை செய்யப்பட்ட குழல் அளவு (‘போர்’) வகைகள். சாதாரண லைசென்சில் வாங்க முடியாது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32, அல்லது .22. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுவிட்டதால், பழைய வால்தரும் வெப்லியும் கைமாறிக் கைமாறி யானை விலைக்குப் போகின்றன.

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் நாடுவது அரசு ஆலைகளின் தயாரிப்பைத்தான். கான்பூரின் .32 ரிவால்வர் பழைய வெப்லி வடிவத்தில் வந்தது. பாரலை முன்னால் மடக்கித் திறக்க வேண்டும். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு, 2014இல், ‘நிர்பீக்’ என்ற அரைக் கிலோ எடையுள்ள ரிவால்வரைப் பெண்களுக்கென்று கான்பூரில் வெளியிட்டார்கள். அப்போது விலை 1,22,360 ரூபாய். 2023 ஆகஸ்டில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ‘பிரபல்’ வந்தது. எடை 700 கிராம். பிஸ்டல் வேண்டுமென்றால் மேற்கு வங்கத்து ஆலைகளின் .32 ‘அஷானி’ இருக்கிறது.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரிவால்வரும் .32, பிஸ்டலும் .32, ஆனால் தோட்டா ஒன்றல்ல. ரிவால்வர் தோட்டாவின் அடியில் அகலமான விளிம்பு இருக்கும்; அந்த விளிம்புதான் அதை அறையில் நிறுத்துகிறது. பிஸ்டல் தோட்டா குட்டையானது, அடிவிளிம்பு உடம்பைவிடச் சற்றே அகலம். ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் போடவே கூடாது.

காலியா, நிறைந்ததா?

என் மேஜைக்குச் சுத்தம் செய்ய ஒரு ரிவால்வர் வந்தால், தாழைத் தள்ளி மடக்குவேன். ஆறு அறைகளும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருந்தால் பித்தளை மின்னும்; இல்லையென்றால் ஆறு துளைகள் வழியாகவும் வெளிச்சம் வரும். பத்து வயதுப் பிள்ளையும் பார்த்துச் சொல்லிவிடும்.

பிஸ்டல் வந்தால் வேலை வேறு. விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டி வைத்து, துப்பாக்கியின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, முதலில் மேகசினைக் கழற்றுவேன். கைப்பிடி வெறுமையாகிவிடும், கையில் எடை குறையும். ‘காலி ஹை’ என்று நம்பச் சொல்லும் இடம் இதுதான். ஆனால் சேம்பருக்குள் ஒரு தோட்டா இன்னும் உட்கார்ந்திருக்கலாம். ஸ்லைடை முழுக்க இழுத்தால் அது துள்ளி வெளியே விழும். அதன்பின் ஸ்லைடைத் திறந்தே நிறுத்தி, கண்ணால் ஒரு முறையும் சுண்டுவிரல் நுனியால் ஒரு முறையும் சேம்பரைச் சரிபார்ப்பேன். வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே போகும், இன்னொன்று சேம்பருக்குள் ஏறிவிடும்.

படையில் இந்த வரிசையைத் தினமும், மேலதிகாரி பக்கத்தில் நிற்க, மணல் மூட்டையைப் பார்த்துச் செய்வோம். வீட்டில் யார் நிற்கிறார்கள்? கடை வேலை முடிந்து களைப்போடு வருகிறவர், பிள்ளைகள் அறைக்குள் ஓடிவருவதற்குள் அவசரமாகச் செய்கிறார். சில .32 பிஸ்டல்களில் ஹேமர் ஸ்லைடுக்குள் மறைந்திருக்கும். அது ஏற்றிய நிலையில் இருக்கிறதா என்பதுகூட வெளியே தெரியாது.

துள்ளி விழுந்த தோட்டாவும் சும்மா இருக்காது. சோபாவுக்கு அடியில் உருண்டு, யாராவது எடுத்துப் பைக்குள் போட்டு, மறுநாள் மெட்ரோ நிலையத்தின் எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. பையில் ஒற்றைத் தோட்டா இருந்து மாட்டிக்கொண்டவர்களின் வழக்குகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் பல முறை வந்திருக்கின்றன. தெரிந்தே வைத்திருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று பலவற்றை நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அதுவரை அலைந்த அலைச்சலை யார் திருப்பித் தருவார்கள்?

வெடிக்காத தோட்டா

லைசென்சில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. அதனால் பலர் வாங்கியதைப் பொன்போலப் பல வருடங்கள் பாதுகாக்கிறார்கள். டெல்லியின் மழைக்கால ஈரத்தையும், இடுப்பு வியர்வையையும், கசிந்த எண்ணெயையும் குடித்த தோட்டா தேவையான நேரத்தில் வெடிக்காமல் போகலாம். ரிவால்வராக இருந்தால் ட்ரிகரை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்து, கெட்டதை வெளியேற்றி, புதியதை ஏற்ற வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தாலும் ஸ்லைடு பாதியில் சிக்கும். பயத்தில் கை நடுங்கும்போது இதையெல்லாம் செய்யப் பழக்கம் வேண்டும்.

பிஸ்டலின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது தட்டையானது, மே மாதத்துப் பருத்திச் சட்டைக்கு அடியிலும் துருத்தாது. ரிவால்வரின் சிலிண்டர் புடைத்துக்கொண்டு நிற்கும். பிஸ்டல் ட்ரிகர் பெரும்பாலும் இலகுவானது, குறி தப்புவது குறைவு. ரிவால்வரில் ஹேமரைக் கையால் ஏற்றாமல் சுட்டால் நான்கைந்து கிலோ அழுத்தம் தேவைப்படும். பழகாதவர் கையில் வாய் ஆடிப்போகும். காவல் துறைகள் .38 ரிவால்வரை விட்டு 9 எம்.எம். பிஸ்டலுக்கு மாறியதற்கு இவையும், மேகசினில் கூடுதலாகப் பிடிக்கும் தோட்டாக்களும் காரணங்கள். ஆனால் போலீஸ்காரருக்குப் பயிற்சி இருக்கிறது, கோத் இருக்கிறது, கேள்வி கேட்க மேலதிகாரி இருக்கிறார்.

இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள்?

டெல்லி மெட்ரோவில் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. மால் வாசலிலும் நீதிமன்ற வாசலிலும் சோதனை. அப்படியானால் அது காரிலேயே கிடக்கும். டெல்லி சாலையில் உரசலுக்கும் பார்க்கிங்குக்கும் எப்படிச் சண்டை வெடிக்கிறது என்று இங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். டேஷ்போர்டில் துப்பாக்கி இருக்கும் காரில் கோபத்தோடு உட்கார்ந்திருப்பவரை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

1999 ஏப்ரல் கடைசியில் மெஹ்ரௌலி உணவகம் ஒன்றில், நேரமாகிவிட்டது, மது கொடுக்க முடியாது என்று சொன்னதற்காக ஜெசிகா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரிடம் இருந்தது லைசென்ஸ் பெற்ற .22 பிஸ்டல். ஒரு குண்டு கூரையில், அடுத்தது அந்தப் பெண்ணின் தலையில். பிஸ்டல் எறிந்த இரண்டு காலிக்கூடுகள் அங்கேயே கிடைத்தன. அவை ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்ற சந்தேகத்தில் வழக்கு ஆடியது. 2006 பிப்ரவரியில் எல்லோரும் விடுதலை. நாடே கொதித்தபின் அதே டிசம்பரில் உயர் நீதிமன்றம் சுட்டவரைத் தண்டித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தற்காப்புக்காகக் கொடுத்த லைசென்ஸ், கோபக்காரர் கையில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சட்டமும் இப்போது கடுமை. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் துப்பாக்கியை உறைக்குள் மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும், வெளியே காட்டி மிரட்டக் கூடாது. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் 3இலிருந்து 2 ஆகக் குறைந்தன. கல்யாண ஊர்வலத்தில் மகிழ்ச்சிக்காகச் சுட்டு மற்றவர்கள் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு: தேவைக்கு மேல் ஒரு அடிகூட அதிகம் அடிக்க உரிமையில்லை, போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் அழைத்தாக வேண்டும்.

என் தீர்ப்பு

துக்ளகாபாத் கர்ணி சிங் சுடுதளம் போன்ற இடத்துக்குத் தவறாமல் போய்ப் பயிற்சி எடுப்பவராக, சேம்பரைச் சரிபார்க்கும் வரிசை தூக்கத்திலும் மறக்காதவராக இருந்தால் பிஸ்டல் வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறைகூடச் சுடாமல், இரவில் பூட்டிவைத்துக் காலையில் எடுக்கப் போகிறவர் என்றால் ரிவால்வரே நல்லது. அது காலியா, நிறைந்ததா என்பதைத் திறந்தவுடன் கண்ணே சொல்லிவிடும். வீட்டில் வைக்கும் துப்பாக்கிக்கு அதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

துப்பாக்கியே தேவைப்படாத மூன்றாவது வகையினர்தான் என்னிடம் வருபவர்களில் அதிகம். அவர்களுக்கு வேண்டியது வசூலை வங்கியில் அன்றே கட்டும் ஏற்பாடு, கடைக்கு நல்ல ஷட்டர், கேமரா, மிரட்டல் வந்த அன்றே காவல் நிலையத்தில் புகார். இதைச் சொல்லி நான் திருப்பி அனுப்பியவர்கள் யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை.

ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறீர்களா? துப்பாக்கியைச் சுவரில் பதித்த இரும்புப் பெட்டியிலும், தோட்டாவை வேறு பெட்டியிலும் பூட்டுங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். வீட்டில் குடிப்பவரோ, மனம் உடைந்து கிடப்பவரோ, அடிக்கடி ஆத்திரப்படுபவரோ இருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், தள்ளிப்போடாமல் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.