காலணிப் பெட்டிக்குள் ஒரு காலம்

கேசட்டைக் கையில் வாங்கியபோது அதை எந்தப் பக்கமாகச் செருகுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

“நீ பிறப்பதற்கு முன்பே இது பழைய பொருளாகிவிட்டது,” என்று சிரித்தபடி வாங்கிச் செருகினார் அங்கிள்.

கடந்த ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் படிப்பதற்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குச் சென்றிருந்தேன். நவம்பர் மாத நன்றி நவிலல் விடுமுறையில் விடுதி வெறிச்சோடிப் போனது. சிங்கப்பூர் வந்து திரும்ப நாளும் இல்லை, பணமும் இல்லை. என் அறைத்தோழன் மில்வாக்கி நகரில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். அவனுடைய அப்பா தம்மைப் பெயர் சொல்லியே அழைக்கச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. நான்கு நாளும் ‘அங்கிள்’தான்.

நண்பர்களின் பிறந்தநாள் நிகழ்ச்சிகளில் நான் டிஜேவாக இருப்பதுண்டு. ஒரு மடிக்கணினியும் சிறிய கருவி ஒன்றும் போதும். சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அங்கிள் எழுந்து நிலவறைக்குப் போய், தூசி படிந்த காலணிப் பெட்டியுடன் திரும்பினார். உள்ளே பதினேழு கேசட்டுகள். ரப்பர் வளையம் போட்ட துண்டுப்பிரசுரக் கட்டு ஒன்று.

“இவற்றைக் கணினிக்கு மாற்றித் தருவாயா?” என்று கேட்டார்.

கேசட்டை வேகமாக நகலெடுக்க என்னிடம் வழி இல்லை. 90 நிமிடக் கேசட் என்றால் 90 நிமிடமும் ஓடவேண்டும். அதனால் ஒவ்வொன்றையும் முழுமையாகக் கேட்டேன். பக்கத்தில் அமர்ந்து அங்கிள் கதை சொன்னார். 1990களில் அமெரிக்காவின் மத்திய மேற்கு வட்டாரத்தில் நடந்த ‘ரேவ்’ எனப்படும் இரவு முழுவதுமான நடன நிகழ்ச்சிகளின் கதை அது.

துண்டுப்பிரசுரங்களில் தேதி இருந்தது. டிஜேக்களின் பெயர்களும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. முகவரி மட்டும் இல்லை. நிகழ்ச்சி நாளன்று மாலை அந்த எண்ணை அழைத்தால், பதிவுசெய்யப்பட்ட குரல் வழி சொல்லும். சில நேரம் அந்த வழி ஒரு இசைத்தட்டுக் கடையோடு நின்றுவிடும். அங்கிருப்பவர் வரைபடம் ஒன்றைத் தருவார். அதைப் பார்த்துப் போனால் யாரும் பயன்படுத்தாத கிடங்கு அல்லது பழைய தொழிற்சாலை. உள்ளே ஒலிபெருக்கிகள், இரண்டு இசைத்தட்டுச் சுழலிகள், சில நூறு இளையர்கள்.

ஏன் கிடங்குகள் என்று கேட்டேன். “காலியாக இருந்தவை அவைதானே!” என்றார் அங்கிள்.

அந்த ஒரு வரிக்குள் பெரிய வரலாறு இருந்தது. டெட்ராய்ட் நகரின் மக்கள்தொகை 1950இல் 1.8 மில்லியனைத் தாண்டியிருந்தது. 1990இல் அது ஏறக்குறைய ஒரு மில்லியன். கார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, இடம் மாறின. வேலை போனது, மக்களும் போனார்கள். கட்டடங்கள் மட்டும் நின்றன. ஏறத்தாழ 3.5 மில்லியன் சதுர அடி பரப்புள்ள பேக்கர்ட் கார்த் தொழிற்சாலையும் அவற்றில் ஒன்று. ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் வின்ட்சர் நகரில் வளர்ந்த ரிச்சி ஹாட்டின் என்ற டிஜே, 1990களில் அந்தப் பாழடைந்த தொழிற்சாலையில் நடத்திய இரவுகளைப் பற்றி அங்கிள் இன்றும் கண்கள் விரியப் பேசுகிறார். 2022இல் தொடங்கி அந்தத் தொழிற்சாலை படிப்படியாக இடிக்கப்பட்டது.

இசையின் வேர் இன்னும் பழையது. 1977இல் சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற நடன மன்றம் திறக்கப்பட்டது. பெயருக்கு ஏற்ப அது ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடம். அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளையர்கள். தன்பாலின ஈர்ப்புள்ளோர் பலர். வேறு இடங்களில் வரவேற்பு இல்லாதவர்களுக்கு அங்கே இடம் இருந்தது. டிஜே ஃபிராங்கி நக்கல்ஸ் அங்கு வாசித்த இசையைத் தேடி மக்கள் இசைத்தட்டுக் கடைகளுக்குப் போனார்கள். வேர்ஹவுஸ் என்ற பெயரே சுருங்கி ‘ஹவுஸ்’ இசை ஆனது என்பார்கள்.

அதே நகரில் 1979 ஜூலை 12ஆம் தேதி, பேஸ்பால் திடல் ஒன்றில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ செத்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, நக்கல்ஸ் அந்த இசைத்தட்டுகளையே வெட்டி ஒட்டி, நீட்டி, புதியதாக ஆக்கிக்கொண்டிருந்தார்.

டெட்ராய்ட்டில் இந்தக் கதை பள்ளியில் தொடங்கியது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும் பெல்வில் என்ற சிற்றூரில் ஒன்றாகப் படித்தவர்கள். இரவு வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் கையில் இருந்தவை ரோலண்ட் நிறுவனத்தின் 808, 909 போன்ற தாளக் கருவிகள். உண்மையான டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்பதால் அவை கடைகளில் சரியாக விலைபோகவில்லை. அதனாலேயே பழைய பொருள்களாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. 1988இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு தொகுப்பு அவர்களின் இசைக்கு ‘டெக்னோ’ என்ற பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது.

அங்கிளின் தலைமுறை இதற்கு அடுத்தது. சிகாகோவில் டெரிக் கார்ட்டர், மினியாபோலிஸில் உட்டி மெக்பிரைட் என ஒவ்வொரு நகரிலும் ஒரு பெயர். துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்து சக்கர நாற்காலிக்கு மாறிய பிறகும் விடாமல் வாசித்த சிகாகோவின் பால் ஜான்சன்தான் அங்கிளுக்குப் பிடித்தவர். அவர் 2021இல் கொவிட்-19 நோயால் காலமானார்.

மில்வாக்கியில் ‘டிராப் பாஸ் நெட்வொர்க்’ என்ற குழு நிகழ்ச்சிகளை நடத்தியது. 1996இல் விஸ்கான்சின் மாநில முகாம் திடல் ஒன்றில் அக்குழு நடத்திய விழாவில் இரண்டு பிரெஞ்சு இளையர்கள் வாசித்தார்கள். அமெரிக்காவில் அவர்களுக்கு அதுவே முதல் மேடை. அப்போது அவர்கள் தலைக்கவசம் அணியவில்லை, அவர்களைப் பலருக்குத் தெரியவும் தெரியாது. டாஃப்ட் பங்க் என்றால் இன்று நம்மில் தெரியாதவர் குறைவு. மறு ஆண்டு வெளிவந்த அவர்களின் முதல் தொகுப்பில், தங்களுக்கு ஆசான்களாக இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லும் பாடல் ஒன்று உண்டு. பால் ஜான்சனின் பெயரும் அதில் வருகிறது.

இதுவரை கேட்டதில் எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. “நானும் அந்தக் காலத்தில் இருந்திருக்கலாம்!” என்றேன்.

அங்கிள் உடனே பதில் சொல்லவில்லை. பெட்டியில் ஒரு கேசட் மட்டும் மீதி இருந்தது. அதை எடுக்கப் போனேன். “அதை விட்டுவிடு,” என்றார்.

மறுநாள் மூவரும் ரயிலேறி சிகாகோ போனோம். ஒன்றரை மணி நேரப் பயணம். யூனியன் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் 206, சவுத் ஜெஃபர்சன் சாலை. வேர்ஹவுஸ் இருந்த மூன்று மாடிக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அந்தச் சாலைப் பகுதிக்கு 2004இல் ஃபிராங்கி நக்கல்ஸின் பெயரைக் கௌரவப் பெயராகச் சூட்டினார்கள். 2023இல் நகர மன்றம் கட்டடத்தையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. நக்கல்ஸ் 2014இல் காலமாகிவிட்டார்.

குளிரில் கைகளைப் பைக்குள் விட்டபடி நின்றிருந்தபோதுதான் அங்கிள் அந்தக் கேசட்டைப் பற்றிச் சொன்னார். அது அவருடைய நெருங்கிய நண்பர் வாசித்தது. 1999இல் வேறோர் ஊரில் நடந்த நிகழ்ச்சியில் யாரோ கொடுத்த மாத்திரையை அந்த நண்பர் விழுங்கினார். மூலையில் சாய்ந்து கிடந்தவரைப் பார்த்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்கள். சந்தேகம் வந்தவர்களும் ஆம்புலன்சை அழைக்கத் தயங்கினார்கள். அழைத்தால் காவல்துறையும் வருமே என்ற பயம். அவருக்கு 24 வயது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1992 ஹாலோவீன் இரவில் மில்வாக்கியில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் காவல்துறையினர் புகுந்து 900க்கும் மேற்பட்டோரைப் பிடித்து அபராதச் சீட்டு கொடுத்தார்கள். 2000இல் சிகாகோ நகர மன்றம் உரிமமற்ற நிகழ்ச்சிகளுக்கு எதிரான விதிகளை இறுக்கியது. 2003இல், அப்போது செனட்டராக இருந்த ஜோ பைடன் முன்னின்று கொண்டுவந்த மத்தியச் சட்டம், போதைப்பொருள் புழங்குவது தெரிந்தும் இடம் தரும் ஏற்பாட்டாளர்களைத் தண்டிக்க வழிசெய்தது. இலவசத் தண்ணீரும் முதலுதவியும் வைத்தால்கூட ‘உனக்குத் தெரிந்திருக்கிறது’ என்பதற்குச் சான்றாகிவிடுமோ என்று ஏற்பாட்டாளர்கள் அஞ்சுவார்கள் எனச் சட்டத்தைக் குறைகூறியவர்கள் எச்சரித்தார்கள்.

“அப்படியானால் சட்டத்தின்மீதுதான் தவறா, அங்கிள்?” என்று கேட்டேன்.

“எங்கள்மீதும்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அன்று யாரும் பார்க்கவில்லை. இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினால் அவனைப் பற்றியும் பேசவேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொன்னால் அது பொய்.”

கடைசி இரவு அவரே அந்தக் கேசட்டை எடுத்து வந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கேட்டதில்லையாம். நான் பதிவு பொத்தானை அழுத்தினேன்.

ஏறக்குறைய நாற்பதாவது நிமிடத்தில் இரண்டு பாடல்களின் தாளம் ஒன்றோடொன்று மோதியது. ஒரு பாடல் முந்த, மற்றது பின்தங்க, குதிரைகள் தடுமாறி ஓடுவதுபோல் இருந்தது. பிறகு விரலால் இசைத்தட்டைத் தள்ளித் தள்ளி அவர் அதைச் சரிசெய்வது காதில் கேட்டது. பத்து விநாடி இருக்கும். தாளம் சேர்ந்தது. அங்கிள் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அறைத்தோழன் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

என் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானாகச் சேர்ந்துவிடும். அந்தத் தவறு எனக்கு நேர வாய்ப்பே இல்லை. கோப்பைச் சேமிக்கும்போது அந்தப் பத்து விநாடியைச் சரிசெய்யட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளை, கேட்கவில்லை.

சிங்கப்பூர் திரும்பிய பிறகு அங்கிளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்தக் கோப்பை நண்பரின் தங்கைக்கு அனுப்பினாராம். அண்ணன் டிஜே என்று அவருக்குத் தெரியும். வாசித்து அதுவரை கேட்டதே இல்லையாம்.

கட்டடங்களுக்கும் புகழ்பெற்றவர்களுக்கும் நகர மன்றம் பெயர்ப்பலகை வைக்கும். மற்றவர்கள் காலணிப் பெட்டிகளில்தான் இருக்கிறார்கள். கேசட்டின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், ஒரு விடுமுறையில் அதைத் திறந்து பாருங்கள். கேசட்டை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். அதை வைத்திருந்தவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.